ராவுத்தர் வண்டி

பிளிமத் காரின் இடது பக்கத்துச் சக்கரத்தைக் கழற்ற ஸ்பானரை வலப்பக்கம் திருப்ப வேண்டும். இது தெரியாமல் எங்கள் ஊர்ப் பஞ்சர் கடைகளில் முறித்துப்போட்ட ஆணித் தலைகளை என் தாய்மாமன் ஒரு பால்பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். டாக்ஸி பஞ்சராகி நிற்கும். கடைக்காரர் வழக்கம்போல ஸ்பானரை இடப்பக்கமாக அழுத்துவார். அசையாது. ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி மிதிப்பார். ‘டக்’கென்று ஒரு சத்தம். கழன்றுவிட்டது என்று அவர் நினைக்கும்போதே ஆணித் தலை தனியாகத் தரையில் உருளும். பிறகு பட்டறைக்கு ஆள் வரும். மாமா டப்பாவில் இன்னொரு தலையைப் போட்டுவிட்டு, “இடம்புரிடா அது. எழுத்துப் போட்டே குடுத்திருக்கான், எவன் பாக்குறான்?” என்பார். ஆணித் தலையில் ‘எல்’ என்ற எழுத்து தேய்ந்தும் தேயாமலும் தெரியும். வண்டி முன்னோக்கிப் போகையில் சக்கரம் சுழலுகிற திசையில் ஆணி தளர்ந்துவிடக் கூடாதென்று கிரைஸ்லர் கம்பெனி இடது பக்கத்துக்கு இடம்புரியும் வலது பக்கத்துக்கு வலம்புரியும் வைத்தது. 1970ஐ ஒட்டித்தான் அந்த வழக்கத்தை விட்டார்கள். அதற்குள் உலகம் முழுக்க எத்தனை டப்பா நிறைந்ததோ.

வத்தலக்குண்டில் பெரியகுளம் போகும் ரோட்டோரம் இருந்தது மாமாவின் பட்டறை. முன்னால் ஒரு புளியமரம், பின்னால் தகரக் கொட்டகை, நடுவில் ஆள் இறங்கி நிற்கிற குழி. எழுத்தாளர்கள் ராஜமய்யரும் பி.எஸ். ராமையாவும் சி.சு. செல்லப்பாவும் எங்கள் ஊர்க்காரர்கள் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஊர்ப் பெருமை என்றால் கோடைக்கானல் போகிற வண்டிகள் எல்லாம் எங்கள் பட்டறையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதுதான். கோடை ரோடு ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் எண்பது கிலோமீட்டர் மலையேற வேண்டும். பஸ் உண்டு. வசதி உள்ளவர்கள், குழந்தைகுட்டியோடு வருகிறவர்கள், புது மாப்பிள்ளை பெண் எல்லாம் டாக்ஸி பிடிப்பார்கள். அம்பாசடர்கள் நிறைய நின்றன. ஆனாலும் கூட்டமாக வருகிற குடும்பம் நேராக ராவுத்தர் வண்டியிடம்தான் போகும்.

அது 1951 மாடல் பிளிமத். நான்கு கதவு. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் பிளஷர் காராக இருந்தது. வீட்டில் பெரியவர் போன பிறகு, பெட்ரோலுக்குக் கொடுத்து மாளாது என்று பிள்ளைகள் விற்றதை ராவுத்தர் வாங்கி டாக்ஸி போர்டு போட்டார். அமெரிக்கக் கார் என்று ஊரெல்லாம் சொன்னாலும் அது பூட்டப்பட்டது பம்பாய் குர்லாவில். வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு 1947 முதல் டாட்ஜ், டிசோட்டோ, பிளிமத் வண்டிகளைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்டி விற்றது. மூன்றுக்கும் உடம்பு பெரும்பாலும் ஒன்றுதான். முகத்தில் கிரில்லையும் பெயரையும் மாற்றினால் பிளிமத் டாட்ஜாகிவிடும். “ஒரு அம்மா பெத்த மூணு பிள்ளைங்க” என்று ராவுத்தர் வாடிக்கைக்காரர்களுக்கு விளக்குவார். இந்த ஒற்றுமைதான் பின்னால் அவரைக் காப்பாற்றியது. ஐம்பதுகளின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் கார் பூட்டுவதை நிறுத்திவிட்டுப் போயின. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டில் உதிரிபாகம் வருவதும் நின்றுபோனது. ஷெவர்லே வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். பிளிமத்துக்கு மட்டும் டாட்ஜ், ஃபார்கோ லாரிகளிலிருந்து ஏதாவது கிடைத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் ஒரே குடும்பம். மாமா வருஷத்தில் சில தடவை மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போய் காயலான் கடைகளில் கிளறி, கோணிப்பையில் இரும்பைத் தூக்கிக்கொண்டு வருவார். அந்தப் பையை அவிழ்க்கிற அன்று நான் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் பட்டறைக்கு ஓடுவேன்.

வண்டிக்குள் ஏறினால் முதலில் உறைப்பது இடம்தான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 118.5 அங்குலம், அம்பாசடருக்கு 97 அங்குலம்தான். கூரை நல்ல உயரம். ராவுத்தர் கறுப்புக் குல்லாய் போட்டுக்கொண்டு ஓட்டுவார். மேடு பள்ளத்தில் தூக்கிப்போட்டாலும் குல்லாய் கூரையில் இடித்ததில்லை. இதற்குக் காரணமான மனிதரைப் பற்றிப் பல காலம் கழித்துப் படித்தேன். அப்போது கிரைஸ்லர் தலைவராக இருந்த கே.டி. கெல்லர், தொப்பியைக் கழற்றாமலேயே ஆண்கள் காருக்குள் உட்கார முடிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். மற்ற கம்பெனிக்காரர்கள் காரைத் தாழ்த்தி, நீட்டி, மீனுக்குத் துடுப்பு வைக்கிறாற்போல் வால் வைத்து விற்றுக்கொண்டிருந்தபோது இவர் வண்டிகள் நிமிர்ந்து, கொஞ்சம் கட்டுப்பெட்டியாக நின்றன. அமெரிக்காவில் அதைக் கிண்டல் செய்தார்கள். கெல்லர் நினைத்தது டெட்ராய்ட்டின் ஃபெல்ட் தொப்பி. ஆனால் வத்தலக்குண்டு ராவுத்தர் குல்லாய்க்கும், பின் சீட்டில் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு ஏறுகிற பெண்களுக்கும், அவர்கள் மடியில் நின்றுகொண்டே வருகிற பிள்ளைகளுக்கும் அந்தக் கூரை அளவெடுத்ததாக அமைந்தது. சட்டப்படி எத்தனை பேர் ஏறலாம் என்பது வேறு விஷயம். அதை எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை.

பானெட்டின் நுனியில் ஒரு பாய்மரக் கப்பல் இருந்தது. முலாம் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்ட சின்னக் கப்பல். 1620இல் இங்கிலாந்திலிருந்து நூற்றிச் சொச்சம் பேரை ஏற்றிக்கொண்டு அமெரிக்கா போன மேஃப்ளவர் அது என்பதும், அவர்கள் குடியேறிய ஊர்ப் பெயர்தான் காருக்கும் வந்தது என்பதும் யாருக்குத் தெரியும்? ராவுத்தரிடம் அதற்கு வேறு கதை இருந்தது. “எங்க முப்பாட்டன்மாரு குதிரை யாவாரம் பண்ணவங்க தம்பி. அரபு நாட்டுலருந்து குதிரை வந்த கப்பல் இது. அதான் வண்டி நம்மகிட்டயே வந்து சேந்திருச்சு.” மாமா இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார். ராவுத்தர் அந்தப் பக்கம் போனதும்தான் சிரிப்பார்.

சித்திரை வைகாசியில் கோடைக்கானல் சீசன். எங்களுக்கும் பள்ளிக்கூட விடுமுறை. ராவுத்தரின் கிளீனர் பையன் வராத நாட்களில் நான் போவேன். வேலை ஒன்றே ஒன்றுதான்: வண்டி எங்கே நின்றாலும், முழுதாக நிற்பதற்குள் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வேப்பங்கட்டையில் செதுக்கி, கைப்பிடிக்கு ஒரு கயிறு கட்டியது. சும்மா சம்பிரதாயத்துக்கு இல்லை அந்தக் கட்டை. பிளிமத்தின் ஹேண்ட் பிரேக் சக்கரங்களைப் பிடிக்காது. கியர் பெட்டியின் வாலில் ஒரு டிரம் இருக்கும், அதைத்தான் இறுக்கும். சமதளத்தில் அருமையாக நிற்கும். ஆனால் பின் சக்கரத்தில் ஒன்றை ஜாக்கி போட்டுத் தூக்கினீர்களோ, டிஃபரன்ஷியல் தன் வேலையைக் காட்டிவிடும்; அந்தரத்தில் நிற்கிற சக்கரம் பின்னால் சுற்றும், தரையில் இருக்கிற சக்கரம் முன்னால் உருளும், ஹேண்ட் பிரேக் போட்டது போட்டபடியே இருக்க வண்டி ஜாக்கியை விட்டு இறங்கி நடக்கும். மலைப்பாதையில் அப்படி நடந்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாமா இதை எனக்குப் பட்டறையில் செய்தே காட்டினார். ஒரு சக்கரத்தைத் தூக்கி வைத்து, “தள்ளுடா” என்றார். ஹேண்ட் பிரேக் போட்ட அத்தனை பெரிய வண்டி என் கைக்கு அசைந்தது. அதற்குப் பிறகு கட்டை போடுவதில் நான் காட்டிய பக்தியை வேறு எதிலும் காட்டியதில்லை.

காட் ரோடு பிரிகிற இடத்தில் ராவுத்தர் “பிஸ்மில்லா” என்று சொல்லி இரண்டாம் கியருக்கு மாற்றுவார். ஸ்டியரிங் தண்டிலேயே கியர். முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. 217.8 கன அங்குலம், ஆறு சிலிண்டர், 97 குதிரை சக்தி. அம்பாசடர் எஞ்சினைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரிசு. ஆனாலும் அவசரமே படாது. டம்டம் பாறை வரைக்கும் சத்தமே இல்லாமல் ஏறும். தலையாறு அருவி தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிகிற அந்தத் திருப்பத்தில் நிறுத்திப் பயணிகளைப் பார்க்கவிடுவார். அவர்களுக்கு அருவி, எஞ்சினுக்கு இளைப்பாறல். சிக்கல் அதற்கு மேல்தான். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து நின்றுவிட்டால், முதல் கியருக்கு வர வேண்டும். இந்தப் பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. முழுசாக நின்றால்தான் விழும். நின்றாலோ பின்னால் சறுக்கும். ராவுத்தர் நிற்கவும் மாட்டார், சறுக்கவும் மாட்டார். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, விட்டு, ஆக்சிலேட்டரில் ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்ச் மிதித்து நடக்கிற வண்டியிலேயே முதல் கியரைப் போடுவார். பல் கடிக்கிற சத்தம் துளி கேட்காது. சில டிரைவர்கள் செய்கையில் மொத்த மலையும் கேட்கும். பெரிய வித்தைக்காரர் என்று அவரைச் சொல்ல இந்த ஒன்றே போதும். மற்றபடி அவர் ரிவர்ஸ் எடுப்பதில் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை.

ஊத்து என்கிற ஊரைத் தாண்டினதும் ரேடியேட்டர் முனகத் தொடங்கும். உயரம் போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்று எட்டாம் வகுப்பு அறிவியலில் வந்தபோது எனக்கு அது பழைய செய்தி. சாக்கை நாலாக மடித்து மூடிமேல் போட்டு, கால் திருகு திருகி, ஆவி போனதும் முழுக்கத் திறக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டேதான் தண்ணீர் ஊற்ற வேண்டும்; அணைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டுவிடும். இன்னொரு தொல்லை பெட்ரோல். எஞ்சின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிற பம்பு காய்ந்து, உள்ளே வருகிற பெட்ரோல் ஆவியாகி, கார்ப்ரேட்டருக்கு எதுவுமே போகாது. வண்டி இருமி நிற்கும். டிரைவர்கள் இதை ஏர் லாக் என்பார்கள். பம்புமேல் ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் போதும். பயணிகளுக்கு இது தெரியாது. ஒருமுறை மதுரைக்காரர் ஒருவர், கோட்டு சூட்டோடு வந்தவர், “என்ன பாய், எஞ்சினுக்குக் காய்ச்சலா? பத்துப் போடறீங்க?” என்றார். “ஆமா சார், மலைக்காய்ச்சல்” என்றார் ராவுத்தர். பெருமாள்மலையைத் தாண்டி வெள்ளி அருவியில் கடைசித் தண்ணீர். அங்கே வரிசையாகக் கார்கள் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கும். பயணிகள் அருவியைப் பார்த்துக்கொண்டிருக்க, டிரைவர்கள் ஒருவர் வண்டிக்குள் ஒருவர் எட்டிப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மலையில் ராவுத்தர் ராஜா, பட்டறையில் மாமா. பிளிமத்துக்குப் பின் பிரேக் வேலை வந்தால் மாமாவின் முகம் மாறிவிடும். அந்த டிரம் ஆக்சிலில் கூம்பு வடிவப் பொருத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். பெரிய நட்டைக் கழற்றிவிட்டால் வந்துவிடும் என்று நினைக்கிறவன் மெக்கானிக் இல்லை. டிரம்மைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. திண்டுக்கல் லேத்தில் சொல்லிச் செய்த மூன்று கை புல்லரை மாட்டி, நடு போல்ட்டை இறுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் ஸ்பானர் நகராது. டிரம்மும் வராது. மாமா அந்த நடு போல்ட்டின் தலையில் ஒரே ஒரு அடி கொடுத்துவிட்டு, “கெடக்கட்டும், ராத்திரி யோசிக்கட்டும்” என்று விட்டுவிடுவார். ஆக்சில் நட்டை மட்டும் முழுக்கக் கழற்றாமல் இரண்டு மூன்று புரி நிறுத்தி வைப்பார். அது ஏன் என்பது அன்று ராத்திரி தெரியும். பட்டறைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. நடுச்சாமத்தில் பட்டறைப் பக்கம் ‘டமார்’. தெருநாய்கள் அத்தனையும் குரைக்கும். அத்தை எழுந்து உட்கார்ந்து முருகனைக் கூப்பிடுவாள். மாமா புரண்டுகூடப் படுக்க மாட்டார். “டிரம்மு வந்திருச்சு, தூங்குங்க” என்பார். அந்த நட்டு மட்டும் இல்லையென்றால் டிரம்மும் புல்லரும் சேர்ந்து எதிர்ச் சுவரில் போய் மோதியிருக்கும்.

ஆனால் மாமா எனக்கு ஆகப் பெரியவராகத் தெரிந்தது வேறு ஒரு வேலையில். ஒரு வருஷம் ராவுத்தர் வண்டி அளவுக்கு மீறிக் கொதித்தது. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று, ஃபேன் பெல்ட் மாற்றியாயிற்று, தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிந்தாயிற்று. கேட்கவில்லை. கடைசி இரண்டு சிலிண்டர் பக்கத்து வால்வுகள் மட்டும் திரும்பத் திரும்பக் கருகின. இந்த எஞ்சினில் வால்வுகள் தலையில் இல்லை, பிளாக்குக்குள்ளேயே பக்கவாட்டில் நிற்கும். அவற்றுக்குக் குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுக்க, தண்ணீர்ப் பம்புக்குப் பின்னால் பிளாக்கின் முழு நீளத்துக்கும் தட்டையான ஒரு தகட்டுக் குழாய் உள்ளே போகிறது. வால்வு வால்வுக்கு ஒரு துளை. வெளியிலிருந்து பார்த்தால் அப்படியொன்று இருப்பதே தெரியாது. மாமாவுக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. பம்பைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கொக்கிக் கம்பி செய்து இழுத்தார். துரு துண்டு துண்டாக வந்தது. பாதிக் குழாய் உள்ளேயே கரைந்துபோயிருந்தது. பின்னால் இருந்த வால்வுகளுக்குத் தண்ணீரே போகவில்லை. வந்த துண்டுகளையெல்லாம் பழைய தினத்தந்தித் தாளில் வரிசையாக அடுக்கி, எங்கே எந்தத் துளை, எந்த அளவு என்று பென்சிலால் வரைந்தார். மறுநாள் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பித்தளைப் பாத்திரம் செய்கிற கன்னாரிடம் போனார். கன்னார் அதுவரைக்கும் குடம், குத்துவிளக்கு, அண்டா தவிர வேறு செய்ததில்லை. தாளைத் தலைகீழாகவெல்லாம் பார்த்துவிட்டு, “இது எதுக்குய்யா, புல்லாங்குழலா?” என்றார். பித்தளைத் தகட்டை மடித்து, ஈயம் வைத்து, துளை போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வண்டியில் பின் வால்வு கருகியதாக நான் கேள்விப்படவில்லை. டெட்ராய்ட்டிலிருந்து வந்தது இரும்புத் தகடு. எங்கள் ஊர்ப் பித்தளை துருப்பிடிக்க வழியில்லை.

அந்த வண்டி உடம்பில் இப்படி நாலு ஊர் இருந்தது. டிக்கிப் பூட்டு கெட்டுப்போனதால் கொண்டி அடித்து ஒரு திண்டுக்கல் பூட்டுத் தொங்கியது. சீட்டுக்குப் போட்டிருந்த கம்பளித் துணி செட்டியார் வீட்டிலேயே நைந்துபோய்விட்டது. ராவுத்தர் சிவப்பு ரெக்சின் போட்டு, வெயிலில் சுடும் என்று அதன்மேல் கோரைப்பாய் விரித்திருந்தார். ஆறு வோல்ட் பேட்டரிக்கு விளக்கு மங்கல். மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் கிளீனர் பையன் தலையை வெளியே நீட்டி ஓரத்தைச் சொல்லிக்கொண்டே வர வேண்டும்.

1973 கடைசியில் பெட்ரோல் விலை ஏறியது. எங்கோ அரபு நாட்டில் சண்டை, எண்ணெய் தர மாட்டேன் என்கிறார்கள் என்று பட்டறையில் பேப்பர் படிக்கிறவர் சொன்னார். ஏறிய விலை இறங்கவில்லை. அமெரிக்க வண்டிகளுக்கு அதுதான் சாவுமணி. ராவுத்தர் சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். அப்புறம் ஒருநாள் பட்டறைக்கு வந்து புளியமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்தவர், நெடுநேரம் பேசவில்லை. டீயைக் குடித்துவிட்டு, “மேஸ்திரி, டீசல் ஆக்கிருவோம்” என்றார். மாமா, “ஆறு சிலிண்டர எறக்கணுமா ராவுத்தரே?” என்று கேட்டார். கேள்வி அல்ல அது. சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி செய்த பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் ஒன்று, பழசு, மதுரையில் கிடைத்தது. கியர் பெட்டியோடு அதைச் சேர்க்க லேத்தில் தட்டு கடைந்து, சேசிஸில் புது இரும்பு பற்றவைத்து, செயின் பிளாக்கைப் புளியமரக் கிளையில் தொங்கவிட்டு மாற்றினார்கள். ஸ்டார்ட் செய்ததும் கண்ணாடிகள் அத்தனையும் கடகடத்தன. பயணிகள் குறை சொல்லவில்லை, வாடகை ஏறாமல் இருந்ததே போதும் என்று. எடை கூடியதில் முன்பக்கம் தொங்கி, கப்பல் தரையைப் பார்க்க ஆரம்பித்தது. கழற்றிய பெட்ரோல் எஞ்சினை மாமா எண்ணெய் தடவி, சாக்குப் போட்டு மூடி, கொட்டகை மூலையில் கட்டைமேல் ஏற்றி வைத்தார். யாராவது கேட்டால், “பொறகு பாப்போம்” என்பார். அது என்ன ஆயிற்று என்பதும், வண்டி ராவுத்தரின் மகன் கையிலிருந்து யாரிடம் போனது என்பதும், அந்தக் காலத்தில் நான் வேலைக்காக வடக்கே இருந்ததால் எனக்குச் சரியாகத் தெரியாது. காயலான் கடைக்குத்தான் போயிருக்கும்.

ஓய்வு பெற்றுக் கோயமுத்தூரில் மகன் வீட்டுக்கு வந்த பிறகு, அவன் ஒருநாள் கைப்பேசியை நீட்டினான். “அப்பா, நீங்க சொல்ற வண்டிதான?” விற்பனைக்கு என்று போட்டிருந்தது. 1951 பிளிமத், நான்கு கதவு, முழுக்கப் புதுப்பித்தது. அடர் பச்சையில், தென்னந்தோப்பு நடுவில் நின்றுகொண்டிருந்தது. ராவுத்தர் வண்டி இல்லை இது. ஐதராபாத் பக்கத்தில் ஒரு பழைய அரண்மனைக் கொட்டகையில் கிடைத்ததாம். போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வாங்குகிற எண்ணம் துளியும் இல்லை.

சூலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகை. மில்லுக்காரர் வீட்டுப் பையன், முப்பது வயதிருக்கும். “வாங்ணா, பாத்து எத்தன வருசமாச்சுங்?” என்று கேட்டுக்கொண்டே உறையை விலக்கினான். வேலை சுத்தம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். கதவை விரலால் தள்ளினால் மூடிக்கொண்டது. எங்கள் வண்டியில் அது தோளால் இடிக்கிற சமாச்சாரம். கப்பலுக்கு முலாம் பூசியிருந்தார்கள், என் முகம் தெரிந்தது. சாம்பல் நிறக் கம்பளித் துணி சீட்டு. எஞ்சின் பிளாக்கில் ‘பி 23’ என்று தொடங்குகிற எண்ணைத் துடைத்துக் காட்டினான். அந்த வருஷத்து எஞ்சின்தான். ஆனால் ‘அசல்’ என்ற சொல்லை விளம்பரத்தில் கொஞ்சம் தாராளமாகவே தெளித்திருந்தார்கள். பேட்டரி பன்னிரண்டு வோல்ட். டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டர். பெட்ரோலுக்கு மின்சாரப் பம்பு. ரேடியல் டயர். நான் குறையாகச் சொல்லவில்லை. இதெல்லாம் அப்போது கிடைத்திருந்தால் மாமா முதல் ஆளாகப் போட்டிருப்பார். எனக்கு நெருடியது வேறு. இந்த வண்டியும் ஐம்பதுகளிலிருந்து எங்கோ ஓடித்தானே இருக்கும்? யாரோ ஒரு மேஸ்திரி இதிலும் தகடு வெட்டி ஒட்டியிருப்பார், யாரோ ஒருவர் கொண்டி அடித்திருப்பார். புதுப்பித்தவர்கள் அந்த வருஷங்களை ஒன்றுவிடாமல் சுரண்டி எடுத்துவிட்டு, வண்டி கம்பெனியை விட்டு வெளியே வந்த முதல் நாளில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். விலை கூடுவது அப்படிச் செய்தால்தான். பித்தளைக் குழாய்க்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

விலையைச் சொன்னான். நான் வீடு கட்டியபோது அவ்வளவு ஆகவில்லை. அமெரிக்காவிலேயே இதே வருஷத்து பிளிமத்துகளில் மேல்கூரை திறக்கிற வண்டிக்கும் இரண்டு கதவு வண்டிக்கும்தான் மவுசு, நான்கு கதவு வண்டி குடும்பஸ்தன் வண்டி என்று ஒதுக்கிவிடுவார்கள். இங்கே மிச்சம் இருப்பதே சொற்பம் என்பதால் கதவை யாரும் எண்ணுவதில்லை.

மனசு கேட்கவில்லை. “தம்பி, பம்புக்குப் பின்னால உள்ள ஒரு தகட்டுக் குழாய் போகும், அத யாராவது பாத்தாங்களா?” என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. உடனே மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அந்தப் பக்கம் ஒரு இளங்குரல்: “மொதல்ல அதத்தானுங்ணா மாத்துனேன். அமெரிக்காவுல புதுசா செஞ்சு விக்கறாங்க, பார்சல்ல வந்துச்சுங். பழசு உள்ளயே ஒடஞ்சுபோச்சு, எடுக்க ரெண்டு நாளாச்சுங். ஏனுங்ணா, நீங்க மெக்கானிக்குங்களா?” இல்லை, மெக்கானிக்கின் மருமகன் என்றேன். பின் டிரம்மைப் பற்றிக் கேட்டேன். “ராத்திரி புல்லர் போட்டுட்டுப் போயிட்டங்ணா. வாட்ச்மேன் பயந்துபோயி ஓனருக்கு ஃபோன் பண்ணிட்டாரு” என்றான். அவனை நேரில் பார்த்திருந்தால் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பேன்.

யார் வாங்கப் போகிறார்கள் என்று விசாரித்தேன். சினிமாக் கம்பெனிக்காரர்கள் வாடகைக்குத்தான் கேட்கிறார்களாம். கண்காட்சிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஏற்றிக்கொண்டு வருகிறான். மலைப்பக்கம் இதுவரை போனதில்லை. அவினாசி ரோட்டில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிற ஒருவர் மாப்பிள்ளை அழைப்புக்கென்று கேட்டிருக்கிறார், வருகிற முகூர்த்தத்துக்குள் முடித்துவிடலாம் என்று பேச்சாம். “ஊர்வலத்துக்கு ஓடுமுங்ளாணா?” என்று என்னைக் கேட்டான்.

ஓடும். ஆனால் ஊர்ந்து போனால் கொதிக்கும். எஞ்சின் வேகத்துக்குத்தான் ஃபேன் சுற்றும். மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் போகையில் காற்றே வராது. ராவுத்தர் வண்டி ஒரு கல்யாணத்தில், எங்கள் ஊர்க் கடைத்தெருவில், மாப்பிள்ளையை வைத்துக்கொண்டே ஆவி கக்கியதை நான் பார்த்திருக்கிறேன். நாதஸ்வரக்காரர் முச்சந்தியில் தோடி எடுத்துவிட்டார். கூட்டம் நகர மறுத்துவிட்டது. “அதனால ராகம் ஆரம்பிச்சா எஞ்சினை ஆஃப் பண்ணிடச் சொல்லுங்க தம்பி” என்றேன்.

“இப்ப நாதஸ்வரமெல்லாம் ஏதுங்ணா, டிஜேதானுங்” என்று சிரித்தான்.

அப்படியானால் டிக்கியில் இரண்டு குடம் தண்ணீரும், நாலாக மடித்த ஒரு சாக்கும் வைக்கச் சொன்னேன். கைப்பேசியில் குறித்துக்கொண்டான்.